ஊரும் நோய்க்கு ஊரார் வைத்த பெயர்கள்

பெங்களூரின் ரிச்சர்ட்ஸ் டவுன் என்ற பெயருக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ், ஐசிஎஸ் அதிகாரி, பெங்களூரு கண்டோன்மென்ட்டின் கலெக்டராக இருந்தவர். தமிழ்நாட்டு வரலாறு படிப்பவர்களுக்கு அவரை வேறு வழியில் தெரியும்: 1918-இல் அச்சான சேலம் மாவட்ட கெசட்டியரை எழுதியவர் அவர்தான். 1909-இல் பெங்களூரில் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வுச் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களிலும் ஒருவர். பக்கத்து ஃப்ரேஸர் டவுனும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பெயர்தான். அதை அரசு புலிகேசி நகர் என்று மாற்றியது. ஆட்டோக்காரரிடம் இன்றும் ஃப்ரேஸர் டவுன் என்றுதான் சொல்கிறோம்.

இந்த டவுன்களுக்குப் பின்னால் ஒரு நோய் உண்டு. 1898-இல் பெங்களூரைப் பிடித்த பிளேக், நெருக்கமான பழைய குடியிருப்புகளிலிருந்து மக்களை வெளியேற்றியது. காற்றும் வெளிச்சமும் வரும்படி, வீட்டுக்கு வீடு இடம் விட்டு, சாக்கடை ஒழுங்காக ஓடும்படி புதிய பகுதிகள் வேண்டும் என்ற எண்ணம் அதன் பிறகுதான் வலுப்பட்டது. நோய்க்குப் பயந்து எழுந்த தெருக்களுக்கு ஆட்சியில் இருந்தவர்களின் பெயர் வந்து சேர்ந்தது. பிளேக்கில் செத்தவர்கள் பெயர் வைத்திருந்தால் வேறு பெயராக இருந்திருக்கும்.

நோய்களின் பெயரும் அப்படித்தான் அமைகிறது. பெயர் வைத்தவர் எங்கே நின்றார், எதைக் கண்ணால் பார்த்தார் என்பதே பெயராக நிலைத்துவிடுகிறது. கருவுற்ற பெண்ணின் நஞ்சுக்கொடியில் ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் தொற்றுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, இந்த வட்டாரத்துப் பெண் ஒருத்தி தன் காதில் வாங்கும் பெயர்களையே முதலில் பட்டியலிட்டேன். வீட்டில் பாட்டி சொல்வது அக்கி, அம்மை. எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மா சொல்வது சர்ப்பசுத்து. ஆய்வுக்கூடத்துச் சீட்டில் ஹெர்பிஸ், சைட்டோமெகலோ, டார்ச். பிரசவ அறையில் நஞ்சு. ஒரே சங்கதியைச் சுற்றி இத்தனை பெயர்கள். ஒவ்வொன்றும் வந்த வழியைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதும் கொஞ்சம் தெளிகிறது.

ஹெர்பிஸிலிருந்து தொடங்கலாம். அது கிரேக்கச் சொல். ஹெர்பைன் என்றால் ஊர்தல். ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களிலேயே, தோலில் மெல்லப் பரவிக்கொண்டே போகும் புண்களுக்கு இந்தப் பெயர் வந்துவிட்டது. புண் எதனால் வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. அது நகரும் விதம் தெரிந்தது, அதையே பெயராக்கினார்கள். ஹெர்பெட்டன் என்றால் நம் பள்ளிப் பாடத்தில் வரும் 'ஊர்வன'. பாம்பு, பல்லிகளை ஆராயும் துறைக்கு ஹெர்பெட்டாலஜி என்று பெயர் வந்தது அதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் தோல் மருத்துவர் தாமஸ் பேட்மன், கொத்துக் கொத்தாகக் கொப்புளம் எழும்பித் தானே ஆறிவிடும் வகைக்கு மட்டுமே இந்தச் சொல் என்று வரம்பு கட்டினார். அதுவரை படை, சொறி என்று பலதும் இந்தப் பெயருக்குள் அடைபட்டிருந்தன.

கிரேக்கச் சொற்களில் முதலில் வரும் 'ஹ' பல இடங்களில் ஒரு பழைய 'ஸ' ஒலியின் மிச்சம். வடமொழியில் ஏழு சப்த, லத்தீனில் செப்டெம், கிரேக்கத்தில் ஹெப்டா. பாதியைக் குறிக்கும் சொல் லத்தீனில் செமி, கிரேக்கத்தில் ஹெமி. அதே கணக்கில் லத்தீனில் செர்பெரே என்பதும் கிரேக்கத்தில் ஹெர்பைன் என்பதும் வடமொழியில் சர்ப்பதி என்பதும் ஒரே வேர். ஊர்ந்து செல்கிறது என்பதே மூன்றுக்கும் பொருள். செர்ப்பென்ட், சர்ப்பம், ஹெர்பிஸ் மூன்றும் உடன்பிறந்த சொற்கள்.

இனி எதிர்வீட்டு அம்மாவின் சொல்லுக்கு வருவோம். விலாவைச் சுற்றி நெருப்பாய் எரியும் கொப்புள வரிசையைக் கன்னடத்தில் சர்ப்பசுத்து என்கிறார்கள். பாம்பு சுற்றிக்கொண்டது என்று பொருள். வடமொழி வழியே கன்னடத்துக்கு வந்த சர்ப்பமும், கிரேக்கம் வழியே ஆய்வுக்கூடச் சீட்டுக்கு வந்த ஹெர்பிஸும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கின்றன, உறவு தெரியாமல். சரக சம்ஹிதையில் இதே வேரிலிருந்து விசர்ப்பம் என்ற நோய்ப்பெயர் இருக்கிறது. எல்லாத் திசையிலும் பரவுவது என்று பொருள். அதன் வகைகளில் ஒன்றுக்கு அக்னி விசர்ப்பம் என்று பெயர். பாம்பும் நெருப்பும் அங்கேயே சேர்ந்துவிட்டன.

தமிழ் நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. அக்கி என்பது அக்னியின் பிராகிருத வடிவத்தோடு தொடர்புடையது என்று கருதுகிறார்கள். எரிச்சலை அனுபவித்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. அரபியில் இதே நோய் நெருப்புக் கச்சை. டென்மார்க், நார்வே மக்களுக்கு நரக நெருப்பு. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் குட்டிப் பாம்பு. மருத்துவ நூலில் உள்ள ஜோஸ்டர் என்றால் கிரேக்கத்தில் இடுப்புக் கச்சை. ஆங்கிலத்து ஷிங்கிள்ஸும் லத்தீனில் கச்சையைக் குறிக்கும் சொல்லின் திரிபு. நெருப்பு, பாம்பு, கச்சை என்று உலகம் இந்த மூன்று உருவங்களையே திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது. பாம்பின் தலையும் வாலும் உடம்பைச் சுற்றி வந்து தொட்டுவிட்டால் உயிர் போய்விடும் என்ற நம்பிக்கை கர்நாடகத்திலும் உண்டு, லத்தீன் அமெரிக்காவிலும் உண்டு. உண்மையில் அது பெரும்பாலும் முழுச் சுற்று வருவதே இல்லை. வைரஸ் ஒளிந்திருப்பது முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சில். ஒரு பக்கத்து நரம்பு எட்டும் தோலில்தான் கொப்புளம் எழும்பும், நடுக்கோட்டில் நின்றுவிடும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அக்கி வந்தவரை வேளார் வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசுவார்கள், சில இடங்களில் சிங்க உருவம் வரைவார்கள். அதற்கு 'அக்கி எழுதுவது' என்றே பெயர். பாண்டம் வனையும் கை நோயை எழுதி நிறுத்தும் என்பது நம்பிக்கை. காவி வைரஸை நிறுத்தாது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற மருந்தைத் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. பெங்களூரில் தமிழர் அக்கி என்று சொன்னால் அக்கம்பக்கத்தில் விளங்காது என்பதும் உண்மை. கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி.

அக்கியும் அம்மையும் ஒரே வைரஸின் வேலை என்பது பெயர்களைப் பார்த்தால் தெரியவே தெரியாது. குழந்தைப் பருவத்தில் சின்னம்மையாக வரும், ஆறிய பிறகு நரம்பு முடிச்சில் தங்கும், பல ஆண்டு கழித்து உடம்பு தளரும்போது அக்கியாகக் கிளம்பும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹங்கேரி மருத்துவர் யானோஷ் போக்காய், அக்கி வந்த பெரியவர் இருக்கும் வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதைக் கவனித்து எழுதினார். 1950-களில் அமெரிக்கர் தாமஸ் வெல்லர் இரண்டு கொப்புளங்களிலிருந்தும் எடுத்த வைரஸை வளர்த்துக் காட்டி அதை உறுதிசெய்தார். போலியோ வைரஸைத் திசுவில் வளர்த்ததற்காக 1954-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் அவர். இந்தக் கட்டுரையில் அவர் இன்னொரு முறை வருவார்.

நம் மொழி இந்த இரண்டையும் வெவ்வேறாக வைத்தது கர்ப்பிணிக்கு ஒரு விதத்தில் நன்மைதான். அம்மை என்றால் தாய். மாரியம்மன் இறங்கியிருக்கிறாள் என்று வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள், வெளியாட்கள் வரமாட்டார்கள். அம்மை வராத கர்ப்பிணியை அந்த வீட்டுப் பக்கம் அண்டவிடக் கூடாது என்பது மருத்துவமும் சொல்வது. முதல் 20 வாரத்துக்குள் தாய்க்குச் சின்னம்மை கண்டால், நூறில் ஒன்றிரண்டு கருவில் வைரஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போய்க் கையையோ காலையோ சுருக்கி, கண்ணையும் மூளையையும் கெடுத்துவிடும். பிரசவத்தை ஒட்டி, முந்தைய ஐந்து நாளிலோ அடுத்த இரண்டு நாளிலோ அம்மை கண்டாலும் பிறக்கும் பிள்ளைக்கு ஆபத்து. தாயின் எதிர்ப்புப் புரதம் குழந்தைக்குப் போய்ச்சேர அவகாசம் இருக்காது. குளிர்நாடுகளில் இந்த நோய் சின்ன வயதிலேயே வந்துபோய்விடும். நம்மைப் போன்ற வெப்பநாடுகளில் வராமலேயே வயதுக்கு வருபவர்கள் கூடுதல். அதனால் இந்தக் கவலை நமக்கு அதிகம் பொருந்தும்.

கர்ப்பத்தில் அக்கி வந்தால் கதை வேறு. தாயின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏற்கெனவே நிறைய இருப்பதால் வைரஸ் நரம்பையும் தோலையும் விட்டு நஞ்சுக்கொடிக்குப் போவதில்லை. குழந்தைக்குப் பாதிப்பு வருவதில்லை. வைரஸ் ஒன்று, ஆனால் தாய்க்குச் சொல்ல வேண்டிய செய்தி இரண்டு. பாட்டி 'அம்மையா, அக்கியா' என்று கேட்டால், அந்தக் கேள்வி சரியான கேள்வி.

நஞ்சுக்கொடி என்ற சொல்லிடம் இப்போது வர வேண்டும். எனக்கு இந்தக் கட்டுரையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

1559-இல் வெனிஸில் அச்சான தன் உடற்கூற்று நூலில் ரியால்டோ கொலம்போ என்ற இத்தாலியர் இந்த உறுப்புக்குப் பிளசென்டா என்று பெயர் வைத்தார். லத்தீனில் அது தட்டையான ஒரு பணியாரத்தின் பெயர். ரோமானியர் கேட்டோ தன் விவசாய நூலில் அதன் செய்முறையையே எழுதியிருக்கிறார். ஜெர்மானியர் அதை அப்படியே பெயர்த்துத் தாய்ப் பணியாரம் என்கிறார்கள். அறுக்கும் மேசையின் மேல் கிடக்கும் உறுப்பைப் பார்த்தவர் வைத்த பெயர் இது. மலையாளத்தில் மறுபிள்ள. பிள்ளை பிறந்த பின் இன்னொரு பிள்ளையாக இதுவும் பிறக்கிறது. பிரசவம் பார்த்தவள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். கன்னடத்து ஏடுகளில் ஜராயு. நால்வகைத் தோற்றத்தில் கருப்பையில் பிறப்பவற்றைச் சைவ நூல்கள் சராயுசம் என்று சொல்லும், அந்தச் சராயுதான் இது. பேச்சில் மாசு என்பார்கள், மாட்டுக்கு வரும்போது கச என்பார்கள். கச என்றால் குப்பை.

தமிழில் நஞ்சு. 'நஞ்சு விழுந்துச்சா?' என்று மாட்டுத் தொழுவத்திலும் கேட்போம், பிரசவ அறை வாசலிலும் கேட்போம். உள்ளே தங்கிவிட்டால் தாயைக் கொல்லும், அதனால் நஞ்சு என்று கிராமத்தில் காரணம் சொல்வார்கள். காரணம் பொய்யில்லை. பிள்ளை பிறந்த பின் அரை மணி, ஒரு மணி கடந்தும் வெளிவராவிட்டால் உதிரப்போக்கு நிற்காது, சீழ் பிடிக்கும். ஒன்பது மாதம் ஊட்டி வளர்த்த உறுப்புக்கு அதன் கடைசி ஒரு மணி நேரத்தை வைத்துப் பெயர் அமைந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பாடநூல் இதைத் தாய்சேய் இணைப்புத்திசு என்கிறது, இலங்கைப் பாடநூல் சூல்வித்தகம் என்கிறது. இணைப்புத்திசு என்ற பெயரில் வேலை சரியாகத் தெரிகிறது. ஆனால் இதுவரை எந்தத் தாயும் அதை வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

வைரஸுக்குத் தமிழில் நச்சுயிரி என்றார்கள். லத்தீனில் விருஸ் என்றால் நஞ்சு, அதுவும் வடமொழி விஷமும் ஒரே வேர். ஆகவே தமிழாக்கம் மூலத்துக்கு மிக நெருக்கம். விளைவு, நஞ்சுக்கொடியில் நச்சுயிரி என்று எழுதும்போது காப்பதற்கும் கெடுப்பதற்கும் ஒரே சொல் வந்து நிற்கிறது. அதனால் இந்தக் கட்டுரையில் வைரஸ் என்றே எழுதுகிறேன்.

நஞ்சுக்கொடி தாயின் ரத்தத்தில் தோய்ந்து கிடக்கும் ஆயிரமாயிரம் விரலிகளால் ஆனது. ஒவ்வொரு விரலியின் மேலும் இடைவெளியே இல்லாத ஒரு போர்வை இருக்கிறது. பல செல்கள் உருகி ஒன்றாகி, நடுவே சுவர் இல்லாமல் பரந்திருக்கும் போர்வை. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்கு இடுக்கு வழியாக நுழைய அங்கே இடுக்கே கிடையாது. அதனால் பெரும்பாலான கிருமிகள் இங்கே தோற்றுப்போகின்றன. சாதாரண ஹெர்பிஸ், அதாவது உதட்டிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளம் தரும் இரண்டு வகை, இந்தப் போர்வையை மிக அரிதாகத்தான் தாண்டுகின்றன. பச்சிளங்குழந்தைக்கு அவை தொற்றுவது பெரும்பாலும் பிறக்கும் பாதையில். பிரசவ நேரத்தில் அங்கே கொப்புளம் இருந்தால் சிசேரியன் செய்வது அதனால்தான்.

ஹெர்பிஸ் குடும்பத்தில் இந்தப் போர்வையைத் தாண்டுவதில் தேர்ந்தது ஒன்று. சைட்டோமெகலோவைரஸ், சுருக்கமாகச் சிஎம்வி. கருப்பைச் சுவரில் வேரூன்றும் விளிம்புச் செல்கள் வழியாக அது உள்ளே புகும். இன்னொரு வழியையும் ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. தாயின் எதிர்ப்புப் புரதங்களைக் குழந்தைக்குக் கடத்துவது நஞ்சுக்கொடியின் வேலை. தொற்று புதிதாக வந்த வாரங்களில் அந்தப் புரதங்களின் பிடி தளர்வாக இருக்கும். வைரஸைப் பற்றியிருக்கும், ஆனால் முடக்கியிருக்காது. அவற்றோடு ஒட்டிக்கொண்டு வைரஸும் போர்வையைக் கடந்துவிடுகிறது. பாதுகாப்புக்காக அமைந்த வழியிலேயே ஆபத்து ஏறி வருகிறது. உள்ளே போனபின் விரலிகளில் அழற்சி, தழும்பு. நஞ்சுக்கொடி தடித்துப் பெரிதாகும், ஆனால் ஊட்டும் சக்தி குறையும். சில குழந்தைகளின் எடை குறைவதற்கு வைரஸ் குழந்தையைத் தாக்கியது காரணமாக இருக்க வேண்டியதில்லை, நஞ்சுக்கொடி நலிந்ததே போதும்.

இந்த வைரஸின் பெயர் பிறந்த இடம் துயரமானது. 1881-இல் ஜெர்மானிய நோய்க்கூற்று மருத்துவர் ஹூகோ ரிபெர்ட், இறந்து பிறந்த ஒரு குழந்தையின் சிறுநீரகத்தில் விபரீதமாகப் பெருத்த செல்களைக் கண்டார். என்னவென்று புரியாமல் விட்டுவிட்டு 1904-இல்தான் எழுதினார். அதே ஆண்டு வேறு இருவர் இதே போன்ற செல்களைப் பார்த்து ஒட்டுண்ணி என்று நினைத்தார்கள். 1921-இல் குட்பாஸ்சர், டால்பட் என்ற ஆய்வாளர்கள் பெருத்தது உடம்பின் சொந்தச் செல்லே என்று சொல்லிச் சைட்டோமெகாலியா என்ற சொல்லைத் தந்தார்கள். சைட்டோ செல், மெகலோ பெரியது. பெருத்த செல்லின் நடுவே கரிய உருண்டை, சுற்றிலும் வெளிறிய வளையம். நுண்ணோக்கியில் பார்ப்பவர்கள் அதை ஆந்தைக்கண் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். எச்சில் சுரப்பிகளில் அடிக்கடி தென்பட்டதால் வைரஸுக்கு எச்சில் சுரப்பி வைரஸ் என்று பெயர் வழங்கியது. 1956, 57-இல் மார்கரெட் ஸ்மித், வாலஸ் ரோ, தாமஸ் வெல்லர் மூவரும் தனித்தனியே வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1960-இல் வெல்லர் குழுவினர் பழைய பெயர் உதவாது, நோய் எச்சில் சுரப்பியோடு நிற்பதில்லை என்று சொல்லிச் சைட்டோமெகலோவைரஸ் என்ற பெயரை முன்மொழிந்தார்கள். அதுவே நிலைத்தது.

அடுத்த பெயர் 1971-இல் வந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்து அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரே நாமியாஸ், கருவைத் தாக்கும் தொற்றுகளை மருத்துவர்கள் மறக்காமலிருக்க டார்ச் என்ற சுருக்கப் பெயரை உருவாக்கினார். டாக்ஸோபிளாஸ்மா, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்ற நான்கின் முதலெழுத்துகள். ஆங்கில எழுத்துகளில் டாக்ஸோவிலிருந்து 'டி', 'ஓ' என்று இரண்டை எடுத்திருந்தார். நாளடைவில் அந்த 'ஓ' தனியே பிரிந்து 'மற்றவை' என்ற பொருளைப் பெற்றுக்கொண்டது. அதற்குள் சிஃபிலிஸ், பார்வோ வைரஸ், பின்னாளில் ஜிகா என்று வந்து சேர்ந்தன. அக்கி-அம்மை வைரஸும் 'மற்றவை'யில்தான் உட்கார்ந்திருக்கிறது. அது ஹெர்பிஸ் குடும்பம், சிஎம்வியும் ஹெர்பிஸ் குடும்பம், ஆனால் 'ஹெர்பிஸ்' என்ற எழுத்துக்கு நேரே இருப்பது வேறு இரண்டு வைரஸ்கள் மட்டும். ஒரு குடும்பத்தை மூன்று எழுத்தாகப் பிரித்துப் போட்ட சுருக்கம் இது.

இந்தியாவில் டார்ச் ஒரு வீட்டுச் சொல்லாகிவிட்டது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து சிவாஜிநகரம் வரை எந்தப் பெண்கள் மருத்துவமனை வாசலிலும் இந்தச் சொல் காதில் விழும். சிவாஜிநகரத்து அரசு மகளிர் மருத்துவமனையின் பெயரே கோஷா ஆஸ்பத்திரி. முகம் மறைக்கும் பெண்களுக்காக ஏற்பட்டதால் வந்த பெயர். சென்னை திருவல்லிக்கேணியில் 1885-இல் தொடங்கிய மருத்துவமனையையும் பழைய தலைமுறை கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்லும். ஒரு பெண்ணுக்குக் கரு தங்காமல் கலைந்தால், இரண்டாம் முறையும் கலைந்தால், பல இடங்களில் முதலில் எழுதிக்கொடுப்பது டார்ச். வரும் தாளில் இரண்டு எதிர்ப்புப் புரதங்களின் பெயர் இருக்கும்: ஐஜிஜி, ஐஜிஎம். பக்கத்தில் பாசிட்டிவ்.

ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்து போயிருக்கிறது என்று பொருள். இந்தியப் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சிஎம்வி ஐஜிஜி பாசிட்டிவாகவே இருக்கும். கரு கலைந்ததற்கு அது காரணம் ஆகாது. லண்டனின் மகப்பேறு மருத்துவர் ராயல் கல்லூரி 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், திரும்பத் திரும்பக் கரு கலைபவர்களுக்கு டார்ச் சோதனை செய்யும் வழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னது. புதிய தொற்றின் அடையாளமாகக் கருதப்படும் ஐஜிஎம் பாசிட்டிவாக வந்தாலும் அவசரப்படக் கூடாது. அது மாதக்கணக்கில் தங்கும், வேறு காரணத்தாலும் தவறாகக் காட்டும். அப்போது செய்ய வேண்டியது அவிடிட்டி சோதனை. எதிர்ப்புப் புரதத்தின் பிடி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்ப்பது. பிடி இறுகியிருந்தால் தொற்று பழையது. தளர்ந்திருந்தால் புதியது, அப்போதுதான் நஞ்சுக்கொடியைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். கர்ப்பத்தில் முதன்முறையாகச் சிஎம்வி தொற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு கருவுக்கு அது போய்ச்சேரும். பழைய தொற்று மீண்டும் தலைதூக்கினால் நூறில் ஒன்று என்ற அளவில்தான். முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் கேடு அதிகம்.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஹெர்பிஸ் என்ற வரி. அந்தச் சோதனை பல ஆய்வுக்கூடங்களில் உதட்டு வகையையும் பிறப்புறுப்பு வகையையும் சேர்த்தே பார்க்கிறது. ஐந்து வயதில் உதட்டோரம் கொப்புளம் வந்துபோன பெண்ணுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். தாளைக் கைபேசியில் தேடிப் பார்க்கும் கணவனுக்கு முதலில் கண்ணில் படுவது பால்வினை நோய் என்ற சொல். கருவை இழந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை அவள் வீட்டார் சந்தேகத்தோடு பார்க்க ஒரே சொல் போதும். அந்தச் சொல்லை எழுதியவர்கள் அதன் பொருளையும் அவளிடம் உட்கார்ந்து சொல்லியாக வேண்டும். 'இது எப்போதோ வந்துபோனது, உன் பிள்ளை இதனால் போகவில்லை' என்று இரண்டு வாக்கியம். அதற்கு நேரம் இல்லாத இடத்தில் இந்தச் சோதனையை எழுதிக்கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. எழுத வேண்டிய சிஃபிலிஸ் சோதனை 'ஓ' என்ற எழுத்துக்குள் புகுந்து பல டார்ச் பட்டியலில் காணாமலே போகிறது. இந்தப் பட்டியலில் பென்சிலினால் தீரக்கூடிய நோய் அது ஒன்றுதான் என்பதை நினைத்தால் இன்னும் வருத்தம்.

எல்லாருக்கும் பழைய தொற்று இருக்கும் நாட்டில் பிறவிச் சிஎம்வி குறைவாக இருக்கும் என்று ஒருகாலத்தில் நம்பினார்கள். 2008-இல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில் பச்சிளங்குழந்தைகளில் நூறில் சுமார் இரண்டுக்கு அது இருந்தது. தாய்மார்கள் அநேகமாக எல்லாரும் ஏற்கெனவே தொற்று வந்தவர்கள். பழைய தொற்று கருவுக்குப் போகும் விகிதம் சிறியதுதான், ஆனால் தாய்மார் தொகை பெரியது. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பார்க்க நன்றாகவே பிறக்கிறார்கள். சிலருக்குக் காது போகிறது. மரபணுக் காரணம் இல்லாத பிறவிச் செவிட்டுத்தன்மையில் முதலிடம் சிஎம்விக்குத்தான். பிறந்த 21 நாளுக்குள் சிறுநீரிலோ எச்சிலிலோ சோதித்தால்தான் கருவிலேயே வந்ததா என்று தெரியும். அதற்குப் பின் தாய்ப்பால் வழி வந்ததையும் இதையும் பிரிக்க முடியாது. நோய்க்குறி உள்ள குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதம் வால்கான்சிக்ளோவிர் மருந்து கொடுக்கிறார்கள். பிறந்தபோது கேட்ட காது இரண்டு வயதில் கேட்காமல் போகலாம், அதனால் கேட்புச் சோதனையை ஒருமுறையோடு விடக் கூடாது. மைசூரின் அகில இந்தியப் பேச்சு-கேட்பு நிறுவனம் வரை போக வேண்டியதில்லை. ரிச்சர்ட்ஸ் டவுனை அடுத்த லிங்கராஜபுரத்தில், ஹென்னூர் சாலையிலேயே டாக்டர் எஸ். ஆர். சந்திரசேகர் பேச்சு-கேட்பு நிறுவனம் இருக்கிறது.

வெல்லர் ஒதுக்கிய பழைய பெயரை நினைத்துக்கொள்கிறேன். எச்சில் சுரப்பி வைரஸ். நுண்ணோக்கிக்கு அது போதாத பெயர், சரிதான். ஆனால் இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் தாய்க்கு அதைவிடப் பயனுள்ள பெயர் இல்லை. சிஎம்வி அவளுக்குப் பெரும்பாலும் வருவது மூத்த பிள்ளையிடமிருந்து. ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகள் அறிகுறியே இல்லாமல் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் எச்சிலிலும் சிறுநீரிலும் இந்த வைரஸை வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். நம் வீடுகளில் யாருடைய எச்சிலையும் தொடமாட்டோம், பெற்ற பிள்ளையின் எச்சிலுக்கு மட்டும் கணக்கில்லை. பாதி தின்ற பிஸ்கட்டும், தட்டில் மிச்சம் வைத்த பருப்புச் சாதமும் தாயின் வாய்க்குத்தான் போகும். கர்ப்பமான அந்த மாதங்களில் மட்டும், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், பிள்ளைக்கு ஒரு ஸ்பூன், தனக்கு ஒரு ஸ்பூன் என்று வைத்துக்கொள்ளலாம். மூக்கைத் துடைத்த பின்பும் ஜட்டியை மாற்றிய பின்பும் சோப்பு போட்டுக் கை கழுவலாம். முத்தத்தை உதட்டில் கொடுக்காமல் உச்சந்தலையில் கொடுக்கலாம்.